ஓடு உடையவில்லை, கூரை ஒழுகுகிறது!

பாலைவனத்தில் வீட்டுக் கூரை ஒழுகுமா? "மழையே பெய்யாத ஊரில் ஒழுகுவதற்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், அரிசோனா மாநிலத்தின் தலைநகரான பீனிக்ஸில், கூரை பழுது பார்ப்பவர்களுக்கு ஓயாத வேலை. அதிலும் ஒரு விந்தை உண்டு. ஒழுகும் வீட்டின் மேல் ஏறிப் பார்த்தால் ஓடுகள் எல்லாம் கட்டிய அன்று இருந்தது போலவே இருக்கும். ஒன்றில்கூட விரிசல் இராது. வீட்டுக்காரர் ஏணியடியில் நின்றுகொண்டு, "ஓடுதான் நன்றாக இருக்கிறதே, பிறகு எப்படி ஒழுகும்?" என்று கேட்பார். வேலைக்காரர் பதில் சொல்லமாட்டார். கீழ் விளிம்பில் ஓர் ஓட்டை மெல்லத் தூக்குவார். அடியில் கை விட்டுக் கறுப்பாக எதையோ கிள்ளி எடுப்பார். அது அப்பளம் போல நொறுங்கும்.

நொறுங்கிய அந்தப் பொருள்தான் இத்தனை காலமும் வீட்டை மழையிலிருந்து காத்து வந்தது. ஓடு அல்ல! இது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம். பீனிக்ஸ் நகரம் சொனோரப் பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 180 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வெயிலோ கொடுமை. 1990ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அங்கே நிழலிலேயே 50 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. 2023ஆம் ஆண்டில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடியும் தறுவாய் வரை தொடர்ந்து 31 நாட்கள், ஒரு நாள்கூடத் தவறாமல், வெப்பநிலை 43 டிகிரியைத் தாண்டியது. இதெல்லாம் காற்றின் வெப்பநிலை. வெயிலில் கிடக்கும் ஓட்டின் மேற்பரப்பு இன்னும் அதிகமாகச் சுடும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றல் விழுகிறது. துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டி ஒன்றை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு 70 டிகிரி வரை காய்வது அங்கே சாதாரணம்.

மழை குறைவு என்றாலும் அது பெய்யும் விதம் வேறு. குளிர்காலத்தில் சில நாட்கள் மெதுவாகத் தூறும். கோடையின் பின்பாதியில் தெற்கிலிருந்து ஈரக் காற்று வந்து இடிமழையாகக் கொட்டும். அதை அங்கேயும் 'மான்சூன்' என்றே அழைக்கிறார்கள். பருவக் காற்றுக்கு அரபு மொழியிலிருந்து பிறந்த அதே சொல்தான். 2014 செப்டம்பர் 8ஆம் நாள் ஒரே நாளில் சுமார் 84 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி! பல மாதங்கள் யாருக்கும் தெரியாமல் கெட்டுக் கிடந்த கூரை, இப்படிப்பட்ட ஓர் இரவில்தான் தன் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

ஓட்டின் வேலை என்ன?

நம் ஊர் ஓட்டு வீட்டை உள்ளிருந்து அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கைமரம், அதன்மேல் குறுக்கே ரீப்பர், ரீப்பர்மேல் ஓடு. அவ்வளவுதான். சில இடங்களில் ஓட்டின் இடுக்கு வழியாக வெளிச்சம்கூடத் தெரியும். மழை ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் அடுத்த நிமிடமே பாத்திரத்தை வைப்போம். மறுநாள் அந்த ஓட்டைச் சரி செய்வோம். கூரையும் நல்ல சரிவாக இருக்கும். ஆகவே தண்ணீர் தயங்காமல் ஓடிவிடும்.

பீனிக்ஸ் வீடு அப்படியன்று. அங்கே கைமரத்தின்மேல் முழுக்க ஒட்டுப்பலகை (பிளைவுட்) அடித்து மூடிவிடுகிறார்கள். பலகையின்மேல் ஒரு விரிப்பு. விரிப்பின்மேல் ரீப்பர். அதன்மேல்தான் ஓடு. வீட்டுக்குள் இருப்பவருக்கு ஓடும் தெரியாது, பலகையும் தெரியாது. ஜிப்சம் அட்டையால் ஆன வெள்ளை உட்கூரை மட்டுமே தெரியும். குளிர்சாதனம் செய்த காற்று வெளியே போகக்கூடாதல்லவா? அதற்காக எல்லாவற்றையும் மூடியாக வேண்டும். மூடினால் ஒழுகலும் மறைந்துவிடுகிறது. பலகை நனைந்து, அதற்குக் கீழுள்ள பஞ்சு நனைந்து, கடைசியில்தான் உட்கூரையில் தேநீர் சிந்தியது போல ஒரு பழுப்புக் கறை தோன்றும். அந்தக் கறை தெரியும் நாளில் மேலே பலகை உளுத்திருக்கவும் கூடும். நனைந்த ஜிப்சம் அட்டை பாரம் தாங்காமல் படுக்கையின்மேல் விழுவதும் உண்டு.

கூரையின் சரிவும் அங்கே குறைவு. 12 அடி நீளத்துக்கு 4 அடி உயரம் என்பது சாதாரணமாகக் காணும் கணக்கு. கோணமானியில் பார்த்தால் 18 டிகிரிக்குச் சற்று மேல். அமெரிக்கக் கட்டட விதிகள் இந்தச் சரிவுக்குக் கீழே போனால் விரிப்பை இரண்டு அடுக்காகப் போடச் சொல்கின்றன. 12 அடிக்கு இரண்டரை அடிக்கும் குறைவான சரிவு என்றால் ஓடே போடக்கூடாது. இந்த விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடு தண்ணீரை முற்றிலும் தடுக்கும் என்றால் சரிவு எதுவாக இருந்தால் என்ன?

ஓடு தடுப்பது பெரும்பகுதித் தண்ணீரை மட்டுமே. மீதி பல வழிகளில் உள்ளே நுழைந்துவிடும். இடிமழையோடு வரும் காற்று நீரை மேல்நோக்கித் தள்ளும். ஓட்டின்மேல் ஓடு படிந்திருக்கும் மெல்லிய இடுக்கில் நுண்புழை ஈர்ப்பால் தண்ணீர் சரிவை எதிர்த்தும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே கதைதான். இவை எல்லா ஊருக்கும் பொது. பாலைவனத்துக்கென்று தனியாக இன்னொன்று உண்டு. அது புழுதி.

மான்சூன் இடிமேகத்திலிருந்து கீழே பாயும் குளிர்ந்த காற்று தரையில் மோதி, பாலைவன மண்ணை வாரிக்கொண்டு சுவர் போல எழுந்து வரும். இதற்கு 'ஹபூப்' என்று பெயர். இதுவும் அரபுச் சொல்தான். 2011 ஜூலை 5ஆம் நாள் பீனிக்ஸ் நகரையே மூடிய ஹபூபின் படங்களை உலகமே பார்த்தது. மாவு போன்ற இந்தப் புழுதி ஓடுகளின் இடுக்கில் புகுந்து ரீப்பரின் மேல்பக்கத்தில் ஒதுங்குகிறது. இலைச் சருகும், ஓட்டடியில் கூடு கட்டும் புறாக்களின் குப்பையும் அதனோடு சேர்கின்றன. மழை வந்ததும் எல்லாம் சேறாகிறது. குறுக்கே கிடக்கும் ரீப்பர் அணைக்கட்டு. சேறு அதன் கரை. வடிய வேண்டிய தண்ணீர் அங்கே தேங்கி நிற்கிறது. தேங்கும் இடம் எது தெரியுமா? ரீப்பரை அடித்த ஆணிகள் விரிப்பைத் துளைத்திருக்கும் அதே இடம்!

அப்படியானால் ஓடு எதற்கு? வெயிலுக்கு. ஓடு ஒரு குடை. புற ஊதாக் கதிர்கள் விரிப்பின்மேல் நேராக விழாமல் அது தடுக்கிறது. ஆலங்கட்டி மழையைத் தாங்குகிறது. ஓட்டுக்கும் விரிப்புக்கும் இடையிலுள்ள காற்று வெளி, வெப்பம் வீட்டுக்குள் இறங்குவதைக் குறைக்கிறது. கான்கிரீட்டாலும் சுட்ட மண்ணாலும் ஆனதால் ஓட்டுக்கு வெயிலால் பெரிய கேடு இல்லை. 50 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். விரிப்போ 20 முதல் 30 ஆண்டுகள். 75 வயது வரை வாழக்கூடிய ஒன்றை 25 வயதில் சாகும் ஒன்றின்மேல் ஏற்றி வைப்பது சிக்கனமா, அசட்டுத்தனமா? என்னைக் கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன். 1980களிலும் 1990களிலும் அந்நகரைச் சுற்றி வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள் எழுந்தபோது மலிவான விரிப்பே பெரும்பாலும் போடப்பட்டது. அதன் பலனைப் பின்னால் வந்தவர்கள் அனுபவிக்கிறார்கள்.

வெயில் படாமலே வெந்து போவது

அந்த விரிப்பு எதனால் ஆனது? காகித நாரையோ கந்தல் துணி நாரையோ தடித்த அட்டை போலச் செய்து, உருக்கிய தாரில் ஊற வைத்து எடுத்தது. தார்த்தாள் என்று சொல்லலாம். சுமார் 91 சென்டிமீட்டர் அகலச் சுருளாக வரும். கூரைக்காரர்கள் அதை '30ஆம் எண் தாள்' என்பார்கள். முன்பு 100 சதுர அடித் தாள் 30 பவுண்டு எடை இருந்ததால் வந்த பெயர். இன்றைய தாள் அதைவிட இலேசானது; பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இங்கே தார் என்பது பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்தபின் அடியில் மிஞ்சும் கறுப்புப் பொருள். நீரை ஒட்டவிடாத இதன் குணத்தை மனிதன் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தான். ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் கட்டிய பெருங்குளத்தின் செங்கல் சுவருக்குப் பின்னால், நீர் கசியாதிருக்க இயற்கையில் கிடைக்கும் தாரைப் பூசியிருக்கிறார்கள். ஆகவே தார்த்தாளைக் குறை சொல்லும்போது தாரைக் குறை சொல்லிவிடக்கூடாது. மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருந்தால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கும். சூட்டில்தான் அதற்குக் கேடு.

தார் திடமா, திரவமா? தொட்டால் திடம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927ஆம் ஆண்டு ஒரு புனலில் தார் போன்ற பிசினை நிரப்பி வைத்தார். 1930இல் புனலின் காம்பைத் திறந்துவிட்டார்கள். 2014 வரை விழுந்தவை 9 சொட்டுகள்தான்! மெதுவாக என்றாலும் அது ஒழுகத்தான் செய்கிறது. தாருக்குள் கனமான நுண்துகள்கள் ஒருவகைப் பிசுபிசுப்பான எண்ணெயில் மிதக்கின்றன. அந்த எண்ணெய் இருக்கும்வரை தார் வளையும், இழுபடும், ஆணியைச் சுற்றி இறுக்கமாகப் படியும். எண்ணெய் போய்விட்டால்?

உங்கள் வீட்டுப் பழைய குத்துவிளக்கின் அடியில் பாருங்கள். என்றோ வழிந்த எண்ணெய் பிசின் போல இறுகி, சுரண்டினால்தான் வரும் என்று ஒட்டியிருக்கும். காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு சேர்ந்து அதை வேறு பொருளாக மாற்றிவிட்டது. தார்த்தாளுக்கும் இதுவே நேர்கிறது. அதன் இலேசான எண்ணெய்கள் சூட்டில் ஆவியாகின்றன. எஞ்சியவை பிராணவாயுவோடு கூடிக் கனத்து இறுகுகின்றன. நாளடைவில் தாள் கடினமாகி, பிறகு நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும்? சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889ஆம் ஆண்டு வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து வேதியியலார் கையாளும் ஒரு குத்துமதிப்பான கணக்கு உண்டு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இப்போது நீங்களே கணக்கிடுங்கள். மிதமான ஓர் ஊரில் விரிப்பு 30 டிகிரியில் இருக்கிறது. பீனிக்ஸில் ஓட்டுக்கு அடியில் 60 டிகிரி. வித்தியாசம் மூன்று பத்துகள். 2 × 2 × 2 = 8. அங்கே ஒரு மணி நேரத்தில் தாள் அடையும் மூப்பை இங்கே அடைய எட்டு மணி நேரம் ஆகும்! ஓடு புற ஊதாக் கதிரை மறைக்கலாம்; சூட்டை முழுவதும் மறைக்க அதனால் முடியாது. வெயிலையே பார்க்காத தாள் வெந்துபோவது இப்படித்தான்.

இதைச் சிறிய அளவில் நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரே பொட்டலத்திலிருந்து மூன்று ரப்பர் வளையங்களை எடுங்கள். ஒன்றை மொட்டைமாடியில் வெயில் படும் இடத்தில் வையுங்கள். இன்னொன்றை அதே மாடியில் ஓர் ஓட்டின் அடியில், வெளிச்சம் படாதபடி வையுங்கள். மூன்றாவதை வீட்டில் குளிர்ச்சியான அலமாரிக்குள் போடுங்கள். வாரம் ஒருமுறை மூன்றையும் ஒரே அளவு இழுத்துப் பார்த்துக் குறித்து வாருங்கள். முதலில் கெடுவது எது என்பதை ஊகிப்பது எளிது. ஓட்டின் அடியில் இருந்ததும் அலமாரியில் இருந்ததும் எத்தனை வாரத்தில் வேறுபடத் தொடங்குகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. கோடை விடுமுறைக்கு ஏற்ற சோதனை.

சூட்டோடு நிற்கவில்லை. பாலைவனத்தில் வானம் தெளிவு, காற்றில் ஈரம் குறைவு. ஆகவே இரவில் கூரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. பகலில் விரிந்ததெல்லாம் இரவில் சுருங்கும். ஓடுகள் தனித்தனித் துண்டுகள். விரிந்தாலும் சுருங்கினாலும் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்துகொள்ளும். ஆனால் விரிப்பு நூற்றுக்கணக்கான ஆணிகளால் பலகையோடு பிணைக்கப்பட்டது. அது எங்கே நகரும்? ஆணியைச் சுற்றிய துளையைத்தான் இழுத்துப் பெரிதாக்கும். இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாயில் போட்ட இரும்புத் தகடும் சும்மா இராது. 5 மீட்டர் தகடு 45 டிகிரி சூடேறினால் 2.7 மில்லிமீட்டர் நீளும். (இரும்பின் நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000012 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.) தினமும் ஒருமுறை, இருபது ஆண்டுகள் என்றால் 7300 தடவை! அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் நொய்ந்த தாள் கிழியாமல் என்ன செய்யும்?

பிரித்து மேய்தல்

நாட்டு ஓட்டு வீடுகளை மழைக்காலத்துக்கு முன் பிரித்து மேய்வது நம் கிராமங்களில் வழக்கம். அதே ஓடுகளை இறக்கி, உடைந்ததை நீக்கி, மறுபடி அடுக்குவார்கள். பீனிக்ஸிலும் செய்வது ஏறக்குறைய இதுதான். புது ஓடு வாங்குவதில்லை; பழைய ஓட்டையே தூக்கி, விரிப்பை மட்டும் மாற்றி, மீண்டும் போடுகிறார்கள்.

சொல்வது எளிது. 2000 சதுர அடிக் கூரையில் சுமார் 1800 கான்கிரீட் ஓடுகள் இருக்கும். ஒன்று நாலரை கிலோ என்றால் மொத்தம் 8 டன்னுக்கு மேல். இரண்டு யானைகளின் எடையை ஒவ்வொரு துண்டாகக் கையால் தூக்கி வைத்து, பிறகு திரும்பவும் அடுக்க வேண்டும். தூக்கிய ஓடுகளை ஒரே இடத்தில் குவித்தால் கைமரம் முறியும். ஆகவே அவற்றைக் கூரையின் மற்றப் பகுதிகளில் பரவலாகச் சிறு சிறு அடுக்காக வைக்கிறார்கள்.

ஓட்டின்மேல் நடப்பதே ஒரு கலை. ஓட்டின் நடுவில் கால் வைத்தால், அடியில் தாங்கல் இல்லாததால், பாலம் போல வளைந்து உடையும். கீழ்விளிம்பை ஒட்டி, அடுத்த ஓட்டின்மேல் படிந்திருக்கும் மூன்று நான்கு அங்குலத்தில் மிதித்தால் எடை நேராகக் கீழே இறங்கிவிடும். பழகியவர் கால் தானாகவே அந்த இடத்தைத் தேடும்.

கோடையில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். நண்பகலில் ஓட்டைக் கையால் தொட முடியாது. கூரைமேல் நிற்பவர் உடலுக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து ஓட்டின் கதிர்வீச்சு. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், தான் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. தலை சுற்றி விழுந்தால் விழுவது கூரையிலிருந்து. அதனால் அடிக்கடி தண்ணீர், நிழலில் ஓய்வு, தனியாக யாரும் மேலே இருக்கக்கூடாது என்பவற்றைக் கட்டாயமாக வைத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, ஓட்டின் அடியில் தேள்களும் ஒளிந்திருக்கும். அரிசோனாவின் மரப்பட்டைத் தேள் சுவரில் ஏறவல்லது. கொட்டினால் கடும் வலி. கையுறை இல்லாமல் ஓட்டைத் தூக்குவது புத்திசாலித்தனம் அன்று.

முதலில் முகட்டு ஓடுகளை எடுப்பார்கள். பிறகு மேலிருந்து கீழாக மற்ற ஓடுகள். ரீப்பரைப் பெயர்த்து, பழைய தாளைக் கிழித்து எறிவார்கள். இப்போது பலகை வெளியே தெரியும். நீர் புகுந்த இடங்கள் கறுத்திருக்கும். திருப்புளியால் குத்தினால் இறங்கும். அந்தப் பலகைகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆணி ஒன்றைக்கூட விடமாட்டார்கள். விட்டால் புது விரிப்பை அடியிலிருந்தே குத்திவிடும்.

இங்கே ஓர் அவசரம் இருக்கிறது. மான்சூன் இடிமழை பெரும்பாலும் பிற்பகல் கழிந்தோ மாலையிலோதான் வரும். பகல் வெயிலில் சூடேறிய காற்று மலைப்பக்கம் மேலெழுந்து மேகமாகி, பிறகு சமவெளிக்கு நகரும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் காலையில் எவ்வளவு பிரிக்கிறார்களோ அவ்வளவையும் அன்றைக்கே விரிப்புப் போட்டு மூடியாக வேண்டும். கூரை முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், இரவில் இடி இடிக்கும்போது தூங்கமாட்டார்.

விரிப்பை எப்போதும் கீழ்விளிம்பாகிய இறவாணத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போட வேண்டும். மேலே உள்ள தாளின் விளிம்பு கீழே உள்ளதன்மேல் படிய வேண்டும், மீனின் செதில் போல. மாற்றிப் போட்டால் ஓடி வரும் தண்ணீர் நேராகத் தாளுக்கு அடியில் புகும். கூடுவாயிலும், சுவரைத் தொடும் இடங்களிலும், குழாய் கூரையைத் துளைத்து வரும் இடங்களிலும் துத்தநாகம் பூசிய தகடுகள் வைக்கப்படும். ஒழுகல்களில் பெரும்பாலானவை இந்தச் சந்துகளில்தான் தொடங்குகின்றன. பரந்த சரிவைப் போடுவது கை வேலை. இந்த மூலைகளைப் போடுவதுதான் மூளை வேலை.

ரீப்பரையும் இப்போது வேறு மாதிரி அடிக்கிறார்கள். அடியில் சிறு கட்டைகளை வைத்து விரிப்பிலிருந்து சற்று உயர்த்திவிடுகிறார்கள். ரீப்பருக்கும் விரிப்புக்கும் இடையே இடைவெளி கிடைக்கிறது. தண்ணீர் தேங்காது, புழுதி கழுவப்படும், காற்றும் ஓடும். மிக எளிய யோசனை!

புது விரிப்பு எது?

பழைய தார்த்தாளையே மறுபடி போட்டால் கதை திரும்பவும் தொடங்கும். இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளை நெய்து, மேலே பூச்சிட்ட துணி. சாக்குப் பையாக நாம் காணும் அதே பிளாஸ்டிக்தான். சுமார் 160 டிகிரியில்தான் உருகும், நீரை உறிஞ்சாது, இலேசானது. ஆனால் தார் போல ஆணியைச் சுற்றித் தானாக இறுகிக்கொள்ளும் குணம் இதற்கு இல்லை. அதுவுமின்றி, பிளாஸ்டிக்கும் சூட்டில் பிராணவாயுவால் கெடும். அதைத் தடுக்கும் மருந்துகளை அதில் கலந்தாக வேண்டும்.

மற்றொன்று, தாரையே திருத்துவது. ஸ்டைரீன்–பியூட்டாடையீன்–ஸ்டைரீன் என்ற ரப்பரைத் தாரில் கலக்கிறார்கள். இதன் மூலக்கூறு ஒரு நூல் போன்றது. நடுப்பகுதி ரப்பர், இரண்டு முனைகளும் கண்ணாடி போல இறுகும் பிளாஸ்டிக். பல நூல்களின் முனைகள் ஒன்றுகூடி முடிச்சுகளாகின்றன. தாருக்குள் ஒரு மீன் வலை விரித்தது போல ஆகிறது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அந்த முடிச்சுகள் 100 டிகிரிக்கு அருகில்தான் இளகும் என்பதால், கூரைச் சூட்டில் தார் வழிந்து போகாது. இரவுக் குளிரில் வெடிப்பதும் இல்லை. இந்த வகையில், பின்பக்கம் பசையுள்ள விரிப்பும் வருகிறது. பலகையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் அடுத்த தடவை மாற்ற வரும்போது பலகையைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஆகவே சிலர் முதலில் ஒரு சாதாரணத் தாளை ஆணியடித்துவிட்டு அதன்மேல் இதை ஒட்டுகிறார்கள். எது சிறந்தது என்று கேட்டால் கூரைக்காரர்கள் இருவர் ஒரே பதில் சொல்வதில்லை. பிளாஸ்டிக் துணியைவிட ரப்பர் கலந்த தார் விரிப்புதான் அந்தச் சூட்டுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். விலை சற்றுக் கூடுதல் என்றாலும், இந்த வேலையில் செலவில் பெரும்பகுதி ஓட்டைத் தூக்கி வைக்கும் கூலிக்கே போகிறது. கூலியை ஒருமுறை கொடுத்துவிட்டு விரிப்பில் மிச்சம் பிடிப்பதில் பொருள் இல்லை.

கடைசியில் ஓடுகள் கீழிருந்து மேலாகத் திரும்பவும் ஏறுகின்றன. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில உடைந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முந்திய அச்சும் நிறமும் இப்போது தொழிற்சாலையில் கிடைப்பதில்லை. இடித்த வீடுகளின் ஓடுகளைச் சேர்த்து விற்கும் இடங்களில் தேடிப் பார்ப்பார்கள். அங்கும் பொருத்தமானது அகப்படாவிட்டால் ஓர் உபாயம் செய்வார்கள். வீட்டின் பின்பக்கத்துப் பழைய ஓடுகளைக் கொண்டுவந்து தெருப்பக்கத்தில் போட்டு, நிறம் மாறிய புது ஓடுகளைப் பின்பக்கம் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்தபின் தெருவிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. எஞ்சிய ஓடுகளை வீட்டுக்காரர் எறிந்துவிடமாட்டார். கொல்லைச் சுவரோரம் அடுக்கி வைப்பார். கான்கிரீட் ஓடு அங்கே கிடந்து கெட்டுப்போகாது. அடுத்த விரிப்பை மாற்றும் நாள் வரும்போது அந்த அச்சு ஓடு அவரிடம் மட்டும்தான் இருக்கும்.